நன்றிக்கு எந்த வேற்றுமை?

நம் மலரில் ஆண்டுதோறும் சங்கப் பாடலும் குறளும் கம்பனும் தவறாமல் இடம்பெறுகின்றன. தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்துக்கு எப்போதாவது ஒரு முறைதான் வாசல் திறக்கிறது. அப்போதும் வீரமாமுனிவரில் தொடங்கி, கால்டுவெல், போப் என்று அடுக்கி, அவர்கள் தமிழுக்குச் செய்த தொண்டைப் பாராட்டி முடித்துவிடுகிறோம். பாராட்ட வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இலக்கியத்துக்கு உள்ளே என்ன வாதம் நடக்கிறது, அதைப் படிக்கிறவர்கள் சரியாகப் படிக்கிறார்களா என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அப்படிக் கேட்டுப் பார்க்கலாம் என்று எண்ணம். கஷ்டகாலத்தில் கடவுளுக்கு நன்றி சொல்வது என்பதுதான் அந்த விஷயம்.

கிறிஸ்தவர்கள் இல்லாத வீடுகளிலும் இதைக் கேட்டிருப்பீர்கள். பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு வேலை போயிருக்கும். விசாரித்தால் "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம்" என்பார். இந்தச் சொல்லுக்குப் பின்னால் பவுலடியாரின் இரண்டு நிருபங்கள் இருக்கின்றன. ஒன்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம், ஐந்தாம் அதிகாரம், 18-ஆம் வசனம். மற்றது எபேசியருக்கு எழுதியது. அதிலும் ஐந்தாம் அதிகாரம்தான், 20-ஆம் வசனம். இரண்டிலும் நன்றி செலுத்தச் சொல்கிறார். ஆனால் இரண்டிலும் 'எல்லாம்' என்ற சொல் ஒரே உருபை ஏற்கவில்லை. முதலாவதில் 'எல்லாவற்றிலும்' என்ற பொருளில் வருகிறது; நம் இலக்கணப்படி ஏழாம் வேற்றுமை, இடப்பொருள். இரண்டாவதில் 'எல்லாவற்றுக்காகவும்'. இது நான்காம் வேற்றுமையின் வழி வந்தது. நன்னூலார் நான்காம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருள்களில் 'பொருட்டு' என்பதும் ஒன்று அல்லவா, அந்தப் பொருள்தான். மூலமான கிரேக்கத்திலும் முன்னிடைச் சொற்கள் இப்படியே வேறுபடுகின்றன. ஆகவே இது தமிழ் மொழிபெயர்ப்பாளர் செய்த வேலை அல்ல.

வெள்ளத்தில் நின்றுகொண்டு நன்றி சொல்வது வேறு. வெள்ளத்துக்காக நன்றி சொல்வது வேறு. நம் பிரசங்கங்களிலும் பாட்டுகளிலும் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துபோயின என்பதும், அந்தக் கலப்பால் துக்கத்தில் இருப்பவர்கள் மேல் ஒரு கூடுதல் சுமை ஏறிவிட்டது என்பதும் என் வாதம்.

கலப்புக்கு ஒரு காரணம் சொல்லிலேயே இருக்கிறது. 1871-இல் முழுமை பெற்ற பவர் ஐயர் குழுவின் திருப்புதலைத்தான் தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபைகள் இன்றும் பெரும்பாலும் வாசிக்கின்றன. அதில் இந்த இரண்டு இடங்களிலும் 'ஸ்தோத்திரம்' என்ற சொல்லே ஆளப்பட்டிருக்கிறது. ஸ்தோத்திரம் என்றால் வடமொழியில் துதி, புகழ்ச்சி. புகழ்வதற்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை. பெரியவரைப் பெரியவர் என்றால் போதும். நன்றி சொல்வதானால் இன்னார் இன்னது செய்தார் என்று ஏதாவது ஒன்றைச் சுட்ட வேண்டும். ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்க்கத் தொடங்கியபோது சுட்டவேண்டிய பொருள் நழுவிப்போயிற்று. எதற்கு என்று கேட்காமலே ஸ்தோத்திரம் சொல்லப் பழகிவிட்டோம். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து 1995-இல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு 'நன்றி' என்ற சொல்லுக்குத் திரும்பியது. தெசலோனிக்கேயர் வசனத்தில் 'சூழ்நிலை' என்ற சொல்லையும் சேர்த்து ஏழாம் வேற்றுமையை இன்னும் தெளிவாக்கியது. நல்ல காரியம். ஆனால் மனப்பாடம் ஆகிப்போன பழைய வசனத்தை யார் மாற்றுவது?

'நன்றி' என்ற சொல்லையும் சற்றுத் தோண்டிப் பார்க்க வேண்டும். தாங்க்ஸ் என்பதற்கு ஈடாக நாம் இன்று வாயால் சொல்லும் நன்றி அல்ல பழந்தமிழின் நன்றி. குறளில் பல இடங்களில் அது நன்மை, பயன் என்ற பொருளில்தான் நிற்கிறது. பதினோராம் அதிகாரத்தின் தலைப்பு செய்ந்நன்றி அறிதல். அதாவது, செய்யப்பட்ட நன்மையை அறிந்திருப்பது. அங்கே வினை 'அறிதல்' என்பதைக் கவனிக்கவும். சொல்லுதல், செலுத்துதல் எல்லாம் பிற்பாடு வந்தவை. நன்மையை நன்மை என்று அறிகிறவனுக்குத் தீமையைத் தீமை என்று அறியவும் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாதவன் அறிவதில் எதைப் பிரித்து அறிந்தான்? வள்ளுவர் துன்பத்துக்குத் தனியாக இடுக்கண் அழியாமை என்று ஓர் அதிகாரம் வைத்தார். அங்கே சிரிக்கச் சொல்கிறார். நன்றி சொல்லச் சொல்லவில்லை. இரண்டையும் அவர் ஒரே அதிகாரத்தில் போட்டுக் குழப்பவில்லை.

பவுலடியாரும் குழப்பவில்லை என்றே நினைக்கிறேன். தெசலோனிக்கேயர் நிருபம் அவர் எழுதியவற்றுள் மிகப் பழையது என்று பல அறிஞர்கள் கொள்கிறார்கள், ஏறக்குறைய கி.பி. 50-ஐ ஒட்டியது. நெருக்கடியில் இருந்த ஒரு சின்னச் சபைக்கு எழுதுகிறார். அவர்களில் சிலர் இறந்தும் போயிருக்கிறார்கள். அதே நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் இறந்தவர்களைப் பற்றிப் பேசும்போது, நம்பிக்கையற்றவர்கள் துக்கப்படுகிற விதத்தில் துக்கப்பட வேண்டாம் என்கிறாரே தவிர, துக்கமே கூடாது என்று சொல்லவில்லை. எபேசியர் நிருபம் சங்கடமானது; 'எல்லாவற்றுக்காகவும்' என்று சொல்லிவிட்டதே! ஆனால் அந்த வசனத்துக்கு நான்கே வசனம் முன்னால், 16-இல், நாட்கள் பொல்லாதவை என்று எழுதுகிறார். பொல்லாததைப் பொல்லாதது என்று பெயரிட்டு எழுதிய கை, மை காய்வதற்குள் அதை நல்லது என்று மாற்றி எழுதியிருக்குமா? வசனத்தைத் தனியே பிய்த்து காலண்டரில் அச்சடித்தால்தான் அப்படி ஆகும்.

இதெல்லாம் வெறும் இலக்கணச் சண்டை என்று யாருக்காவது தோன்றினால், 2021-இல் எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கொரோனாவின் இரண்டாம் அலையில் கணவரைப் பறிகொடுத்த ஓர் அக்காவைப் பார்க்கச் சில வாரம் கழித்து ஜெபக் குழுவிலிருந்து நாலு பேர் வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். ஜெபம் முடிந்ததும் ஒருவர், நல்ல மனசோடுதான், "இதுக்கும் ஸ்தோத்திரம் சொல்லிடுங்கக்கா, பாரம் இறங்கிடும்" என்றார். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பன்னெண்டு நாள் இந்த வீட்டுல அடுப்புப் பத்தவைக்கல. எதிர்வீட்டு மாமிதான் சோறு வச்சாங்க. அதுக்கு ஸ்தோத்திரம் சொல்லிட்டேன், தெனமும் சொல்றேன். இதுக்குச் சொல்லுன்னு என்னைக் கேக்காதீங்க" என்றார். வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். வெளியே போகும்போது, அவருக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. எனக்கென்னவோ அந்த அறையில் வேதத்தை ஒழுங்காகப் படித்திருந்தவர் அக்கா ஒருவர்தான் என்று பட்டது.

இந்த வகைப் பிரசங்கத்துக்குப் பிடித்த உதாரணம் யோபு. பிள்ளைகளும் சொத்தும் ஒரே நாளில் போனபின், கொடுத்தவரே எடுத்தார் என்று சொல்லி ஆண்டவர் பெயரை வாழ்த்தினான், நீயும் அப்படி இரு என்பார்கள். அது முதல் அதிகாரம். யோபுவின் புத்தகத்தில் 42 அதிகாரங்கள் இருக்கின்றன. மூன்றாம் அதிகாரத்திலேயே அவன் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். பிறகு புத்தகத்தின் பெரும்பகுதி அவன் முறையீடும் நண்பர்களின் உபதேசமும்தான். நண்பர்கள் பேசுவது முழுக்கப் பக்தியான பேச்சு. நம் மேடைகளில் அப்படியே பேசலாம். ஆனால் கடைசி அதிகாரத்தில் கடவுள் யாரைக் கடிந்துகொள்கிறார்? அந்த நண்பர்களை. யோபுவைப் போல நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்பது தீர்ப்பின் சாரம். சபித்தவனும் வழக்காடியவனும் சரியாகப் பேசியவன் ஆகிறான். முதல் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிட்டால் இந்தத் தீர்ப்பு கண்ணில் படாது.

சுவிசேஷத்தில் இதைவிடக் கூர்மையான ஓர் இரவு இருக்கிறது. இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட அதே இரவில் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார் என்று பவுலும் நினைவூட்டுகிறார். கிரேக்கத்தில் நன்றி செலுத்துதலுக்கு உள்ள எவ்கரிஸ்தியா என்ற சொல்லிலிருந்துதான் அந்தத் திருவிருந்தின் பெயரே பிறந்தது. நம் கத்தோலிக்கர் அதை அழகாக நற்கருணை என்கிறார்கள். எதற்கு நன்றி செலுத்தினார்? கையில் இருந்த அப்பத்துக்கும் பாத்திரத்துக்கும். யூத வீடுகளில் சாப்பாட்டுக்கு முன் எப்போதும் சொல்லும் நன்றிதான் அது. சிலமணி நேரம் கழித்து கெத்செமனே தோட்டத்தில் என்ன செய்தார்? வரப்போகும் பாடுகளுக்காக நன்றி சொல்லவில்லை. கூடுமானால் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று தரையில் விழுந்து கெஞ்சினார். ஒரே இரவு, ஒரே ஆள், 'பாத்திரம்' என்ற சொல்லும் ஒன்றே. ஒரு பாத்திரத்துக்கு நன்றி, மற்றப் பாத்திரத்துக்கு மன்றாட்டு. பெரிய வியாழன் ஆராதனையில் இரண்டையும் வாசிக்கிறோம். ஆனால் சேர்த்து யோசிப்பதில்லை.

என் கட்சிக்கு எதிரான வலுவான சாட்சி ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஹாலந்தைச் சேர்ந்த கோரி டென் பூம் எழுதி 1971-இல் வெளிவந்த 'த ஹைடிங் பிளேஸ்' என்ற நூல். யூதர்களை ஒளித்து வைத்ததற்காக நாஜிகள் அவரையும் அவர் அக்கா பெட்சியையும் ரேவன்ஸ்புரூக் முகாமில் அடைத்தார்கள். கொட்டடி முழுக்கத் தெள்ளுப்பூச்சி. தெசலோனிக்கேயர் வசனத்தைச் சொல்லி, தெள்ளுப்பூச்சிக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்கிறார் பெட்சி. கோரிக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பூச்சிக்குப் பயந்துதான் காவலர்கள் உள்ளே வரவில்லை, அதனால்தான் அங்கே வேதம் வாசிக்க முடிந்தது என்பது பின்னால் தெரியவருகிறது. நான்காம் வேற்றுமைக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்பார்கள்.

நூலை மறுபடி வாசித்தால் இரண்டு விஷயம் புலப்படும். முதலாவது, பெட்சி நன்றி சொன்னது பூச்சிக்கு; முகாமுக்கு அல்ல. எல்லாவற்றையும் வாரிப்போட்டுச் சொன்ன பொத்தாம்பொதுவான ஸ்தோத்திரம் அல்ல அது. சகோதரிகள் ஒன்றாக இருப்பது, ஒளித்துக் கொண்டுவந்த வேதப் புத்தகம், நெருக்கியடித்த கூட்டம் என்று ஒவ்வொன்றாக எண்ணி வருகிறபோது பூச்சியும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. இரண்டாவது, சொல்லச் சொன்னவர் பக்கத்தில் அதே பலகையில் படுத்திருந்தவர். 1944 டிசம்பரில் அந்த முகாமிலேயே இறந்தும் போனார். வெளியிலிருந்து வந்து டீ குடித்துவிட்டுப் போகிறவர் அல்ல. தன் பூச்சிக்கு ஒருவர் நன்றி சொல்லலாம். அடுத்தவர் பூச்சிக்கு நன்றி சொல்லும்படி அவரை ஏவுவது எந்த வசனத்தில் இருக்கிறது? தங்கையின் மறுப்பையும் மறைக்காமல் அச்சிலே கொடுத்திருப்பதுதான் அந்த நூலின் நேர்மை. பிரசங்கத்தில் அந்த மறுப்பு சுருங்கிச் சுருங்கி, அக்காவின் வெற்றியை எடுத்துக்காட்ட ஓர் உபாயமாக மட்டும் மிஞ்சுகிறது.

இதே மாதிரிச் சுருங்கிப்போன இன்னொரு கதை, மார்ட்டின் ரிங்கார்ட் என்ற ஜெர்மன் குருவானவருடையது. 'நுன் டாங்கெட் ஆலெ காட்' என்று தொடங்கும் நன்றிப் பாட்டை எழுதியவர் அவர். 1858-இல் கேத்தரின் விங்க்வொர்த் ஆங்கிலத்தில் பெயர்த்தபின் அந்தப் பாட்டு உலகமெல்லாம் பரவிற்று. ஆங்கில ஆராதனைக்குப் போகும் நம் பிள்ளைகள் அறுப்பின் பண்டிகையில் பாடியிருப்பார்கள்.

ரிங்கார்ட் 1586-இல் சாக்சனி நாட்டு ஐலன்பர்க் ஊரில் பிறந்தவர். 1617-இல் அதே ஊருக்கே குருவாகத் திரும்பினார். அடுத்த ஆண்டு முப்பதாண்டுப் போர் தொடங்கிவிட்டது. மதில் சூழ்ந்த ஊர் ஆகையால் அகதிகள் வந்து குவிந்தார்கள். கூட்டம் சேர்ந்த இடத்தில் 1637-இல் கொள்ளைநோய் புகுந்தது. மற்றக் குருமார்களில் ஒருவர் ஊரைவிட்டுப் போனார், இருவர் இறந்தார்கள். அந்த இருவரையும் இவரே அடக்கம் செய்தார். பிறகு ஊர் முழுவதற்கும் இவர் ஒருவர்தான். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது அடக்கம். மொத்தம் 4,480 பேரை அடக்கம் செய்தார் என்று கணக்கு நிற்கிறது. அதில் அவர் மனைவியும் ஒருவர். நோய் தணிந்ததும் பஞ்சம் வந்தது. அதன்பின் சுவீடன் படை வந்து 30,000 தாலர் கப்பம் கேட்டது. இவர் போய்க் கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. ஊராரைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் முழங்காலில் நின்றார். கடைசியில் 2,000 ஃபுளோரினுக்கு இறங்கினார்கள்.

இத்தனை பிணங்களுக்கு நடுவே உட்கார்ந்து அந்த மனிதர் நன்றிப் பாட்டு எழுதினார் என்பதுதான் மேடையில் சொல்லும் கதை. வேறு சிலர், 1648-இல் சமாதானம் வந்தபோது எழுதினார் என்பார்கள். இரண்டும் ஆதாரத்துக்கு நிற்கவில்லை. 1647-இல் யோகான் குரூகரின் பாட்டுப் புத்தகத்தில் மெட்டோடு அச்சாகிவிட்ட பாட்டு 1648-க்காக எழுதப்பட்டிருக்க முடியாது. 1636-ஐ ஒட்டியோ அதற்கும் முன்னாலோ எழுதப்பட்டது என்பதே ஆய்வாளர்கள் பொதுவாகக் கொள்ளும் கருத்து. அதாவது, போர் நடந்துகொண்டிருந்த காலம்தான். ஆனால் கொள்ளைநோய்க்கு முந்தியது. அதைவிட முக்கியமானது அது எந்த வகைப் பாட்டு என்பது. சாப்பாட்டு மேசையில் குடும்பமாகச் சொல்லும் ஜெபமாக அவர் எழுதியது அது. முதல் இரண்டு பகுதிகளுக்கும் மூலம் சீராக்கின் ஞானம் என்ற நூலின் ஐம்பதாம் அதிகாரம். (நம் புராட்டஸ்டண்டுத் தமிழ் வேதாகமத்தில் அந்த நூலே கிடையாது என்பது ஒரு வேடிக்கை.) இன்னொன்றையும் பாருங்கள். நன்றிப் பாட்டு என்று பேர் பெற்றது, முதல் பகுதியில் நன்றி சொல்லிவிட்டு, இரண்டாம் பகுதி முழுக்கக் கேட்கிறது. சமாதானம் தா, மகிழ்ச்சியான மனம் தா, இக்கட்டிலிருந்து விடுவி என்று கேட்கிறது. போர்க்காலத்தில் இருப்பவன் கேட்காமல் எப்படி?

மேடைக் கதை பொய்த்துப்போனதால் ரிங்கார்ட் சிறியவர் ஆகிவிடவில்லை. எனக்கு அவர் இன்னும் பெரியவராகத் தெரிகிறார். துன்பம் பிழிந்ததில் அவரிடமிருந்து நன்றி சொட்டியது என்பது நாடகம். நோய்க்கு முன்பே அந்த வீட்டில் ரொட்டிக்கு நன்றி சொல்லும் பழக்கம் இருந்தது. மனைவி இல்லாத மேசையிலும், ரொட்டியே அருகிப்போன நாளிலும் சொல்வதற்கு அந்தச் சொற்கள் கைவசம் இருந்தன. கொள்ளைநோய்க்காக அவர் நன்றி சொன்னதாக எந்தச் சான்றும் இல்லை. அவர் பாட்டின் வேற்றுமை ஏழாவதுதான்.

இதைத் தமிழ் வாசகருக்குப் புரியவைக்க ஐலன்பர்க் வரை போயிருக்கவே வேண்டியதில்லை என்று சைவ அன்பர்கள் சிரிக்கலாம். நீற்றறையில் அடைக்கப்பட்ட அப்பர் ஏழு நாள் உள்ளே இருந்தார் என்கிறது பெரியபுராணம். அங்கே அவர் பாடியதாகச் சொல்லும் பாட்டில் சுண்ணாம்புக் காளவாயைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கிடையாது. பழுதில்லாத வீணை, அந்தி நேரத்து நிலா, மெல்லிய காற்று, இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை என்று தாம் முன்பே அறிந்திருந்த நன்மைகளை எடுத்து வைக்கிறார். இறைவன் திருவடி நிழல் அவற்றைப் போன்றது என்கிறார். அறிந்த நன்மையை நெருப்புக்குள்ளும் அறிந்திருப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இந்தத் தேவார மரபைத்தான் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை கிறிஸ்தவத்துக்குள் கொண்டுவந்தார். 1894-இல் வெளியான இரட்சணிய யாத்திரிகத்தில் இரட்சணிய தேவாரம் என்ற பெயரிலேயே பதிகங்களை அமைத்தார். அவற்றில் போற்றுதலும் முறையீடும் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றை உருவினால் மற்றது அவிழ்ந்துவிடும். மொழிநடை இன்றைக்குக் கடினம் என்பது உண்மை. அதனாலேயே அலமாரியில் தூங்குகிறது. அதே நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கும் சயானுக்கும் வந்த நம் குடும்பங்களில் எத்தனை வீட்டில் அது இருக்கும்?

அலமாரியில் தூங்குவதன் இடத்தில் வந்திருப்பவை கேசட் காலம் தொட்டு யூடியூப் காலம் வரையிலான துதிப் பாட்டுகள். மெட்டு நன்றாக இருக்கிறது, அழவும் வைக்கிறது. ஆனால் பெரும்பாலானவற்றில் முறையீட்டுக்கு இரண்டு வரிதான் இடம். மூன்றாவது வரியில் கண்ணீர் துடைக்கப்பட்டாக வேண்டும். 150 சங்கீதங்களில் புலம்பலும் முறையீடுமாக அமைந்தவையே எண்ணிக்கையில் மற்ற எந்த வகையையும்விட அதிகம். அவற்றில் பல முடிவில் நன்றிக்குத் திரும்புகின்றன. 88-ஆம் சங்கீதம் திரும்பவே இல்லை. இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் நீக்காமல் தொகுப்பில் வைத்திருக்கிறார்கள் பழைய யூதர்கள். அந்தத் தொகுப்புக்கு எபிரேயத்தில் அவர்கள் வைத்த பெயர் துதிகள்! ஆபகூக் தீர்க்கதரிசியின் மூன்றாம் அதிகாரமும் அப்படித்தான். அத்தி பூக்கவில்லை, திராட்சை காய்க்கவில்லை, ஒலிவம் பொய்த்தது, வயல் விளையவில்லை, ஆட்டு மந்தை இல்லை, தொழுவத்தில் மாடும் இல்லை என்று ஆறு இல்லாமையை எண்ணிவிட்டுத்தான் ஆண்டவருக்குள் மகிழ்வேன் என்கிறார். நம் பாட்டுகள் அந்த மகிழ்ச்சியை எடுத்துக்கொள்கின்றன. ஆறு இல்லாமையையும் அவசரமாகத் தாண்டிப்போகின்றன.

பாட்டும் பிரசங்கமும் எப்படிப் போனாலும், சபை மக்களின் பழக்கத்தில் பழைய ஒழுங்கு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அறுப்பின் பண்டிகைக்கு நமக்கு இங்கே வயல் ஏது? வாஷி மார்க்கெட்டில் வாங்கிய வாழைத்தாரையும் பூசணியையும் கொண்டுபோய் வைத்து, ஏலத்தில் நாமே இரண்டு மடங்கு விலைக்கு எடுத்து வருகிறோம். சிரிக்கத் தோன்றும், ஆனால் பூசணி கண்ணுக்குத் தெரிகிற பூசணி. ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரும் அப்படித்தான். கவரின்மேல் காரணத்தை எழுதிக் கொடுப்பார்கள். ஆராதனையில் சத்தமாக வாசிப்பார்கள். பிறந்தநாள், கல்யாண நாள், ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியது, மகனுக்கு வேலை. கொரோனாவுக்குப் பிறகு கோயில் திறந்த சில வாரங்களில் வாசித்த ஒரு கவரில் பெயர் இல்லை. ஐம்பது ரூபாய் இருந்ததாம். ஐந்து மாத வாடகை பாக்கி என்றும், வீட்டுக்காரர் இன்னும் காலி செய்யச் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தது.